இரும்புத் தளத்தின் மேல் மரக்கட்டை எதற்கு?

கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை வாசல். பாடி கட்டி முடித்த நாற்பதடி ட்ரெய்லர் ஒன்று பெயின்ட் வாசம் மாறாமல் நின்றது. பக்கச்சுவர் இல்லாத திறந்த வண்டி. தளம் முழுக்க 6 மில்லிமீட்டர் செக்கர் பிளேட். வண்டிக்காரர் மேலே ஏறிக் குதிகாலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். 'ணங்' என்றது. "கேட்டீங்களாண்ணே, இதுதான் தளம். மரமெல்லாம் எங்கப்பா காலத்தோட போச்சு" என்றார்.

அவர் இறங்குவதற்குள் டிரைவர் வேறொரு வேலையை முடித்துக்கொண்டிருந்தார். சேஸிஸின் பக்கவாட்டில் இருந்த பெட்டியைத் திறந்து, பழைய வண்டியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த மரக்கட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கினார். எண்ணிப் பார்த்தேன், எட்டு. முனை மழுங்கி, கறுத்து, எண்ணெய் குடித்துக் கிடந்தன. "புது வண்டிக்கு இது எதுக்குப்பா?" என்று கேட்டேன். "கட்டை இல்லாம லோடு வைக்க முடியுமாண்ணே? வழுக்கிட்டுப் போயிரும்ல" என்றார்.

மேலே நின்று முதலாளி சொன்னதையும் கீழே நின்று டிரைவர் சொன்னதையும் சேர்த்துக் கேட்டவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. ஆனால் பட்டறைகளில் எடுபடுவது மேலே இருப்பவர் சொல்தான். "இரும்பு போட்டா கவலை இல்லை. மரம் இத்துப்போகும்" என்ற வாக்கியத்தைத் திருமங்கலத்திலிருந்து நாமக்கல் வரை யார் வாயிலும் கேட்கலாம். அதை நான் மறுக்கிறேன். இயந்திரம், இரும்புச் சுருள், குழாய், கல் ஆகியவற்றை ஏற்றும் திறந்த ட்ரெய்லருக்கு, சரியாகத் தேர்ந்தெடுத்த வன்மரப் பலகைதான் நல்ல தளம். மரத்துக்கு வந்த கெட்ட பெயர் அதைத் தேர்ந்தெடுக்கத் தெரியாததால் வந்தது.

வீம்புக்குப் பேசவில்லை. எதிர்த்தரப்பின் வாதங்களை அவர்கள் சொல்கிற வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

"இரும்புக்கு உள்ள பலம் மரத்துக்கு வருமா?"

பொருளாகப் பார்த்தால் வராது. இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 883 விதி, கட்டுமான மரங்களை வளையாத தன்மையை வைத்து மூன்று பிரிவாக்குகிறது. முதல் பிரிவான 'ஏ'-யில் சேர ஒரு மரத்தின் மீட்சிக் குணகம் சதுர மில்லிமீட்டருக்கு 12,600 நியூட்டனைத் தாண்ட வேண்டும். எஃகுக்கு அது ஏறத்தாழ 2,00,000. அதாவது ஒரே பருமனில் எடுத்தால் எஃகு 16 மடங்கு விறைப்பானது. எதிர்த்தரப்பு இங்கேயே கணக்கை மூடிவிடுகிறது.

ஆனால் தளத்தை யாரும் ஒரே பருமனில் போடுவதில்லையே. தகடு 6 மில்லிமீட்டர். பலகை ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர். ஒரு பலகையின் விறைப்பு அதன் பருமனின் மும்மடியாக ஏறும். பருமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு. இங்கே பருமன் 6.3 மடங்கு, அதன் மும்மடி ஏறத்தாழ 254. மரம் 16 மடங்கு தோற்று, 254 மடங்கு ஜெயிக்கிறது. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், இரண்டு குறுக்குச் சட்டங்களுக்கு இடையில் ஒன்றரை அங்குல வன்மரப் பலகை 6 மில்லி தகட்டைவிட ஏறத்தாழ 16 மடங்கு விறைப்பாக நிற்கிறது.

இதற்குக் கால்குலேட்டர்கூட வேண்டாம். நான்கு வருடம் ஓடிய இரும்புத் தள வண்டி ஒன்றின் மேல் மழை விட்டதும் ஏறிப் பாருங்கள். ஒவ்வொரு குறுக்குச் சட்டத்துக்கும் நடுவில் தகடு தொப்பை வைத்திருக்கும். அந்தப் பள்ளங்களில் தண்ணீர் வரிசையாகத் தேங்கி நிற்கும். இதைப் பார்த்து 'ஓவர் லோடு' என்பார்கள். தகடு அப்படித்தான் வளையும். பின்னுக்குத் திரும்பி வராத வளைவு அது.

பலத்துக்குச் சாட்சி வேண்டுமென்றால் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர்களைப் பார்க்கலாம். நான்கு பக்கமும் எஃகு, கூரையும் எஃகு. கதவைத் திறந்து உள்ளே பார்த்தால் தரை மட்டும் மரம். உலகக் கப்பல் வணிகத்தில் பெரும்பாலான கன்டெய்னர்களின் தரை 28 மில்லிமீட்டர் பிளைவுட்தான். வெகுகாலம் அதற்கு விரும்பி எடுக்கப்பட்டது தென்கிழக்காசியாவின் கெருயிங் மரம். ஃபோர்க்லிஃப்ட் உள்ளே ஏறி இறங்கத் தாங்குமா என்று பார்க்க, 7,260 கிலோ அச்சுச்சுமை கொண்ட வண்டியை அதன் மேல் ஓட்டிச் சோதிக்கிறார்கள். எஃகுப் பெட்டி செய்கிறவருக்குத் தரைக்கு மட்டும் எஃகு கிடைக்காமல் போயிற்றா என்ன?

"செக்கர் புள்ளி இருக்கே, எப்படி வழுக்கும்?"

இந்த ஒரு நம்பிக்கைதான் உயிருக்கு ஆபத்தானது. அதனால் இதில் சற்று நின்று பேச வேண்டும்.

செக்கர் பிளேட்டில் எழும்பி நிற்கும் வரிகள் செருப்புக்காகப் போடப்பட்டவை. ரப்பர் அடிப்பாகம் அந்த வரிகளுக்குள் அமுங்கிப் பிடித்துக்கொள்ளும். படிக்கட்டுக்கும் நடைபாதைக்கும் அது சரி. ஒரு லேத்தின் வார்ப்பிரும்புப் பாதம் எங்கே அமுங்கும்? அது அந்த வரிகளின் உச்சியில் போய் உட்காருகிறது, இரும்பின் மேல் இரும்பாக. தொடுகிற பரப்பு குறைந்தாலும் கூடினாலும் உராய்வு ஏறத்தாழ மாறாது என்பது பள்ளிக்கூட இயற்பியல். ஆகவே சுமையைப் பொறுத்தவரை செக்கர் பிளேட்டும் வெறும் தகடும் ஒன்றே. பத்து லோடு ஏறி இறங்கியதும் அந்த உச்சிகள் பளபளவென்று தேய்ந்து, முன்னிலும் வழுவழுப்பாகிவிடும்.

சுமை கட்டுவதற்கு ஜெர்மன் பொறியாளர் சங்கம் வகுத்த வி.டி.ஐ. 2700 வழிகாட்டி உலகெங்கும் புழங்குவது. அதன்படி உலர்ந்த நிலையில் உலோகத்தின் மேல் உலோகத்துக்கு உராய்வுக் கெழு 0.1 முதல் 0.25 வரை. மரத்தின் மேல் உலோகத்துக்கு 0.2 முதல் 0.5 வரை. ஈரமானால் உலோகத்துக்கு உலோகம் 0.1 முதல் 0.2, மரத்துக்கு உலோகம் 0.2 முதல் 0.25. எந்த நிலையிலும் மரம் ஒரு படி மேலேதான் நிற்கிறது. ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: எண்ணெய் சிந்தினால் இரண்டுமே கைவிடும். மரத் தளத்திலும் அப்போது கெழு 0.02 வரை விழும். துடைக்காத தளத்தைக் காப்பாற்ற எந்த மரமும் பிறக்கவில்லை.

இந்த எண்களுக்குச் சாலையில் என்ன பொருள்? ஐரோப்பிய விதி, திடீர் பிரேக்குக்குச் சுமையின் எடையில் 80 சதவீத விசையைத் தாங்கும்படி கட்டச் சொல்கிறது. 10 டன் இயந்திரம் என்றால் முன்பக்கமாக 8 டன் விசை. தளம் இரும்பு, கெழு 0.2 என்றால் உராய்வு 2 டன்னைப் பார்த்துக்கொள்ளும். மிச்சம் 6 டன்னை பெல்ட்டும் சங்கிலியும் சுமக்க வேண்டும். தளம் மரம், கெழு 0.4 என்றால் பெல்ட்டின் பங்கு 4 டன்னாக இறங்குகிறது. அதே பெல்ட், அதே முடிச்சு, அதே டிரைவர். மாறியது பலகை ஒன்றுதான்.

பல வருடங்களுக்கு முன் ஐப்பசி மழையில் இரும்புத் தள வண்டி ஒன்றில் நானும் போனேன். வாடிப்பட்டி தாண்டி ஒரு மாடு குறுக்கே வந்தது. டிரைவர் மிதித்த பிரேக்கில் பின்னாலிருந்து ஒரு கிறீச் சத்தம். இறங்கிப் பார்த்தால், மூன்று பெல்ட் போட்டுக் கட்டியிருந்த இயந்திரம் இரண்டு சாண் முன்னால் வந்து கேபினைப் பார்த்து நின்றது. அடியில் வைத்த கட்டைகளும் அதோடு சேர்ந்து வந்திருந்தன. கட்டையின் மேல் இயந்திரம் வழுக்கவில்லை, தகட்டின் மேல் கட்டைதான் வழுக்கியது. இரும்புத் தளத்தில் கட்டை போடுவதன் குறையே இதுதான்: அந்தக் கட்டையை எதோடும் இணைக்க முடியாது.

மரத் தளத்தில் இணைக்கலாம். பாதத்துக்கு முன்னால் ஓர் ஆப்பை வைத்து நான்கு ஆணி அடித்தால் அது அசையாது. லோடு இறங்கியதும் ஆணியைப் பிடுங்கிக்கொள்ளலாம், பலகைக்குப் பெரிய சேதமில்லை. அமெரிக்காவில் அலுமினியத் தளம் போட்ட ட்ரெய்லர்களில்கூட நீளவாக்கில் சில மரப்பட்டைகளைப் பதிப்பது இதற்காகத்தான். இரும்புத் தளக்காரர் என்ன செய்கிறார்? ஆங்கிள் துண்டை வெல்டு வைத்து ஸ்டாப்பர் ஆக்குகிறார். இறக்கியதும் கிரைண்டரால் அறுக்கிறார். ஒவ்வொரு நடைக்கும் தகட்டில் ஒரு சூடு, ஒரு காயம், அதன் மேல் துரு.

"எப்படியும் மரம் இத்துப்போகும்"

எதிர்த்தரப்பின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. ஏனென்றால் இத்துப்போன தளங்களை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள், நானும் பார்த்திருக்கிறேன். மூன்றாவது மழைக்காலத்தில் லோடுமேன் கால் பலகைக்குள் இறங்கியதைப் பார்த்தவனிடம் போய் உராய்வுக் கெழு பேச முடியாது. ஆனால் அந்தப் பலகை என்ன மரம் என்று அன்று யாராவது கேட்டார்களா?

மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதனால் வேலை செய்ய முடியாது. வருடத்தில் பெரும்பகுதி வெயிலில் காயும் மதுரைச் சமவெளி மரத்துக்குப் பகை நிலம் இல்லை. வடகிழக்குப் பருவமழை மூன்று மாதம் நனைக்கும், மிச்ச மாதங்கள் காய வைக்கும். அப்படியும் இற்றால், காரணத்தை வேறெங்கோ தேட வேண்டும். மூன்று இடங்களில் தேடினால் போதும்.

முதலாவது, எந்த மரம் என்பது. கேரளத்திலிருந்து செங்கோட்டை, ராஜபாளையம் வழியாகத் திருமங்கலத்துக்கு வரும் 744-ஆம் எண் நெடுஞ்சாலை மரம் வருகிற சாலையும்கூட. அதில் மலிவாக வருவது ரப்பர் மரம். பார்க்க வெள்ளையாக, அறுக்க இதமாக, வாங்க மலிவாக இருக்கும். இயல்பில் அது நிலைக்காத மரம். போரான் மருந்தில் ஊறவைத்து நாற்காலி செய்யலாம், கட்டில் செய்யலாம். அந்த மருந்து நீரில் கரைந்துபோகும் வகை. மழையில் நனையும் தளத்தில் போட்டால், மருந்து போய் மரம் மட்டும் மிஞ்சும், கொஞ்ச நாளில் மரமும் போகும். மாம்பலகையும் சில்வர் ஓக்கும் இதே கதைதான். நம் தர விதிகள், மண்ணில் நட்டுச் சோதித்து மரங்களை மூன்றாகப் பிரிக்கின்றன: சராசரியாக 120 மாதமும் அதற்கு மேலும் தாங்குபவை முதல் வகுப்பு, 60 முதல் 120 மாதம் வரை இரண்டாவது, 60-க்குக் கீழே மூன்றாவது. மூன்றாம் வகுப்பு மரத்தை வாங்கிப் போட்டுவிட்டு, 'மரம்' என்ற ஜாதியையே குற்றம் சொல்வது எந்த ஊர் நியாயம்?

இரண்டாவது, மரத்தின் எந்தப் பகுதி என்பது. ஆசாரிகள் வைரம் என்று சொல்லும் உட்பகுதிக்குத்தான் நிலைக்கும் குணம். அதைச் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதி எந்த மரத்திலும் நிலைக்காது. தேக்காக இருந்தாலும் வெள்ளை வெள்ளைதான், கரையானுக்கும் வண்டுக்கும் விருந்துதான். வாடியில் பலகையின் அகலத்தை மட்டும் அளந்து வாங்குகிறவர் விளிம்பைப் பார்ப்பதில்லை. விளிம்பில் இரண்டு விரற்கடை வெள்ளை ஓடினால், இரண்டே மழைக்காலத்தில் பலகைக்குப் பலகை இரண்டு விரற்கடை சந்து விழும்.

மூன்றாவது, எப்படிப் பொருத்தினார்கள் என்பது. பச்சை மரத்தை அறுத்த சூட்டில் முடுக்கிவிடுகிறார்கள். அது வண்டியிலேயே காய்ந்து சுருங்கி, முறுக்கி, போல்ட்டைப் பிடுங்குகிறது. ஈரப்பதம் 12 முதல் 15 சதவீதத்துக்கு வந்த பிறகே பலகை சட்டத்தின் மேல் ஏற வேண்டும். மரம் முதலில் இறுவது குறுக்குச் சட்டத்தின் மேல் படியும் இடத்தில். அங்கே தண்ணீர் மாட்டிக்கொண்டு காயாது. ஆகவே சட்டத்துக்கு ரெட் ஆக்சைடு அடித்து, அதன் மேல் தார்ப்பட்டை ஒட்டி, பிறகு பலகை வைக்க வேண்டும். அறுத்த முனைகள் உறிஞ்சு குழல் போலத் தண்ணீரை இழுக்கும், அவற்றுக்குக் கெட்டியாக ஒரு பூச்சு வேண்டும். போல்ட் துத்தநாகம் பூசியதாக இருக்க வேண்டும், தலை பலகைக்குள் அமிழ வேண்டும். ஒரு பலகையின் விளிம்பு அடுத்ததன் மேல் படியும்படி காடி எடுத்துச் சேர்த்தால், ஒன்றின் மேல் விழும் பாரத்தை இரண்டு பலகை பகிர்ந்துகொள்ளும்.

இத்தனை வேலையா என்று கேட்பீர்கள். தகட்டுக்கும் அடிப்பக்கம் உண்டு. வெல்டு வைத்த இடத்தில் பெயின்ட் கருகி, மேலே தேங்கிய தண்ணீர் தையல் வழியாகக் கசிந்து, அடியில் துரு அடுக்கடுக்காக ஏறும். மேலே நிற்பவருக்கு எதுவும் தெரியாது. பலகையைச் சோதிக்க ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும், குத்தினால் இறங்குகிறதா என்று பார்த்துவிடலாம். இறங்கினால் அந்த ஒரு பலகையைக் கழற்றி மாற்றினால் முடிந்தது. தகட்டில் ஓட்டை விழுந்தால் கேஸ் கட்டரை எடுக்க வேண்டும்.

அப்படியானால் எந்த மரம்?

"போடுறதா இருந்தா தேக்குதான்" என்று ஒரு குரல் உடனே எழும். இதுவும் மறுக்க வேண்டிய ஒன்று. தேக்கு நிலைக்கும், முறுக்காது, சந்தேகமே இல்லை. ஆனால் தளத்துக்குக் கடினமும் வேண்டும். ஓர் இரும்புக் குண்டைப் பாதி அமுங்கும் வரை மரத்தில் அழுத்த எவ்வளவு விசை தேவை என்று பார்ப்பது ஜான்கா சோதனை. தேக்குக்கு அது ஏறத்தாழ 1,100 பவுண்டு. அமெரிக்க ட்ரெய்லர்களில் புழங்கும் வெள்ளை ஓக்குக்கு 1,360. சங்கிலியும் இரும்புப் பாதமும் உரசும் இடத்தில் தேக்கைப் போடுவது பட்டுப்புடவையை மாவு மில்லுக்குக் கட்டிப்போவது போல. காசுக்கும் கேடு, புடவைக்கும் கேடு.

வெளிநாட்டுப் பட்டறைகளில் அபிடாங் என்ற பெயர் மந்திரம் போல ஒலிக்கும். அது கெருயிங்கின் உறவு, நம் அந்தமானில் குர்ஜன் என்று அறியப்படும் மரத்தின் குடும்பம். பிசின் ஊறிய, கனத்த, ட்ரெய்லருக்கென்றே செய்தாற்போன்ற மரம். ஆனால் அந்தக் குடும்பத்தின் பல இனங்கள் இன்று அழிவு ஆபத்துப் பட்டியலில் இருக்கின்றன. அமெரிக்காக்காரர் போடுகிறார் என்பதற்காக நாமும் அதையே தேடி அலைய வேண்டியதில்லை.

நமக்குக் கைக்கு எட்டுவது வேறு. கருமருது கனத்த மரம், ரயில் ஸ்லீப்பராகப் படுத்துப் பழகியது. காயும்போது வெடிக்கும் குணம் உண்டு, நிழலில் பொறுமையாகக் காய வைத்தால் அடங்கும். கேரளத்தார் இருள் என்றும், பர்மாவிலிருந்து வருவதைப் பிங்கடோ என்றும் சொல்லும் மரம் முதல் வகுப்பு. அறுக்கிற வாளுக்குத்தான் கஷ்டம். வாடிகளில் 'மலேசியா சால்' என்று விற்பதில் நல்லதும் உண்டு, அதே பெயரில் ஒளிந்துகொண்டு வரும் இளைத்த மரங்களும் உண்டு. நம் கண்மாய்க் கருவேலம் வைரம் பாய்ந்தது, வண்டிச் சக்கரத்துக்கே தாங்கிய மரம். ஆனால் பன்னிரண்டடி நேர்ப்பலகை அதில் எடுக்க முடியாது. கட்டைக்கும் ஆப்புக்கும் அதை மிஞ்ச ஆளில்லை. ராமநாதபுரம் பக்கம் கரிமூட்டம் போடும் சீமைக்கருவேலத்தில் தடித்த அடிமரம் கிடைத்தால் அதுவும் ஆப்புக்கு ஆகும்.

பெயரை நம்பாதீர்கள், தராசை நம்புங்கள். வாடியில் காய்ந்த பலகையிலிருந்து ஓரடிக்கு ஓரடி, ஒன்றரை அங்குலத்தில் ஒரு துண்டு அறுத்துத் தரச் சொல்லுங்கள். காய்கறிக் கடைத் தராசில் வையுங்கள். 2 கிலோ 650 கிராமை ஒட்டியோ அதற்கு மேலோ நின்றால், கன மீட்டருக்கு 750 கிலோ தேறும் மரம். 2 கிலோ 100 என்றால் 600 கிலோ மரம், வேலிக்கதவுக்கு ஆகும். ஒரு கிலோ முக்கால் என்றால், வாடிக்காரர் என்ன பெயர் சொன்னாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். துண்டு ஈரமாக இருந்தால் எடை ஏமாற்றும். அதே துண்டை வீட்டுக்குக் கொண்டுபோய் வெயிலில் போட்டுப் பத்து நாள் கழித்து மறுபடி நிறுங்கள். எடை இறங்கிக்கொண்டே போனால் அது பச்சை மரம். பிறகு முனையில் வைரமும் வெள்ளையும் பிரியும் கோட்டைப் பாருங்கள். இந்த இரண்டு சோதனைக்கும் எந்த ஆய்வுக்கூடமும் வேண்டாம்.

"இரும்பு எடைக்காவது போகும்ல!"

நம்மூர் வியாபார மூளையிலிருந்து வருகிற வாதம் இது. வண்டி ஓய்ந்த பிறகு தகட்டைக் காயலான் கடையில் போட்டால் கிலோவுக்கு இவ்வளவு என்று வந்துவிடும், இற்ற பலகை அடுப்புக்குத்தான் போகும். உண்மை. ஆனால் அந்த எடைக்குக் காசு வாங்குவதற்கு முன் அதே எடையை எத்தனை வருடம் சுமந்து திரிந்தோம்?

நாற்பதடி ட்ரெய்லரின் தளம் ஏறத்தாழ 30 சதுர மீட்டர். 6 மில்லி தகடு சதுர மீட்டருக்கு 47 கிலோ, மொத்தம் 1,413 கிலோ. மேலே உள்ள வரிகளைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். ஒன்றரை அங்குல வன்மரம், 750 கிலோ அடர்த்தியில், சதுர மீட்டருக்கு 28.5 கிலோ, மொத்தம் 855. வித்தியாசம் 558 கிலோ. லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் டீசல் எரித்துச் சுமக்கிற எடை இது. மாதம் எட்டு நடை, முழு பாரம் என்றால் வருடத்துக்கு 50 டன்னுக்கு மேல் வாடகை வராத சரக்கு. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000 ரூபாய் என்று அபராதம் வைத்த பிறகு, எடை மேடையில் அரை டன் என்பது சின்ன விஷயமா? எப்போதும் பாதி பாரத்தில் ஓடுகிறவருக்கு இந்தக் கணக்கில் பெரிய லாபம் இல்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

முதல் செலவு மரத்துக்கே கூட வரும். மறைப்பானேன்? தளத்துக்கு 40 கன அடி, சேதாரம் சேர்த்து 45 கன அடி பலகை வேண்டும். வாடி விலையை 45-ஆல் பெருக்குங்கள், தகட்டின் கிலோ விலையை 1,413-ஆல் பெருக்குங்கள். ஆசாரி கூலியையும் வெல்டர் கூலியையும் சேருங்கள். வருகிற வித்தியாசத்தை, வருடத்துக்கு 50 டன் வாடகையோடு வைத்துப் பாருங்கள். இதைச் செய்து பார்த்த பிறகும் தகடுதான் வேண்டும் என்றால் போடுங்கள். 'ணங்' சத்தத்தைக் கேட்டு மட்டும் போடாதீர்கள்.

"ரயில்வேயே விட்டுவிட்டது, மரத்தை வெட்டலாமா?"

ரயில்வே கான்கிரீட் ஸ்லீப்பருக்கு மாறியது உண்மை. ஜல்லியில் பதிந்து கிடக்கும் கோடிக்கணக்கான ஸ்லீப்பருக்குக் காடு தாங்காது. நியாயமான முடிவு. ஆனால் அந்தக் கான்கிரீட்டின் மேல் தண்டவாளத்தை நேராக வைக்கவில்லை, இடையில் ஒரு ரப்பர் திண்டு வைத்தார்கள். கடினத்தின் மேல் கடினம் உட்கார்ந்தால் அதிர்வையும் நழுவலையும் வாங்கிக்கொள்ள நடுவே மெத்தென்று ஒன்று வேண்டும் என்பதை அவர்கள் மறக்கவில்லை.

காட்டைப் பற்றிய கவலை எனக்கும் உண்டு. கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு காட்டில் கோடரி வைப்பது முன்போல் எளிதல்ல, நல்லதுதான். கணக்கில் வந்த, ரசீது உள்ள மரத்தை மட்டுமே வாங்க வேண்டும். அதே சமயம் ஒரு டன் எஃகு உருக்க ஏறத்தாழ இரண்டு டன் கரியமில வாயு வெளியேறுகிறது என்பதையும் தராசின் மறுதட்டில் வைக்க வேண்டும். தளத்தின் பலகையாகக் கிடக்கும் வரை மரம் தான் உறிஞ்சிய கரியைத் தன்னோடு வைத்திருக்கிறது.

எல்லா வண்டிக்கும் மரம் என்று நான் சொல்லவில்லை. ஜல்லி, மணல் கொட்டும் டிப்பருக்கு இரும்புதான். சூடான கசடு, பழைய இரும்பு ஏற்றுகிறவருக்கு இரும்புதான். எந்நேரமும் எண்ணெய் சிந்தும் டிரம்களுக்கும், தளத்தின் மேலேயே வெல்டிங் பொறி பறக்கும் வேலைக்கும் மரம் வேண்டாம். என் வழக்கு, சுமையைக் கட்டி நிறுத்த வேண்டிய வண்டிகளைப் பற்றியது மட்டும்.

மேலூர்ப் பக்கம் கிரானைட் குவாரிகள் இயங்கிய நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். 2012-இல் அப்போதைய மதுரை ஆட்சியர் சகாயம் குவாரிகளைப் பற்றிக் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு அந்த வண்டிகள் நின்றுபோயின. அது வேறு கதை. அதற்கு முன்பு, எட்டடி நீளம், ஐந்தடி அகலம், ஐந்தடி உயரம் உள்ள ஒரே கல் பதினைந்து டன் எடையோடு ட்ரெய்லரில் போகும். கல்லுக்கு அடியில் கட்டை வைக்காத ஒரு வண்டியைக்கூட நான் பார்த்ததில்லை. தளம் என்னவாக இருந்தாலும், கல்லைத் தொட்டது மரம்தான். அந்த டிரைவர்கள் யாரும் உராய்வுக் கெழு படித்தவர்கள் அல்லர். பள்ளத்தில் இறங்கும்போது முதுகுக்குப் பின்னால் பதினைந்து டன் இருப்பதை முதுகால் அறிந்தவர்கள்.

அதனால் கப்பலூரில் அன்று தளத்தை மிதித்துக் காட்டிய அண்ணாச்சியோடு நான் சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்று சொன்னேன். "மரம் காலாவதின்னு சொல்றீங்க. அந்தப் பெட்டியில இருக்கிற எட்டுக் கட்டையையும் இங்கேயே இறக்கி வச்சிட்டு, ஒரு லேத்தை ஏத்திக்கிட்டுத் தூத்துக்குடி வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வாங்களேன்."

அவர் சிரித்தார். டிரைவர் சிரிக்கவில்லை. பெட்டியைச் சாத்திப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.